இருவர் எடைக்கு அமைத்த கார்

போன மாதம் தேனியில் நான் வேலை பார்த்த பட்டறைப் பக்கம் போயிருந்தேன். வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. லிஃப்டில் ஒரு போட்டிக் கார் ஏறி நின்றது. அதற்கு அடியில் நின்ற இரண்டு மெக்கானிக்குகள், இருவருமே பிள்ளை குட்டிக்காரர்கள், என்னைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தார்கள்.

“குருசாமி அண்ணே, நல்ல நேரத்துல வந்தீக. வளைவுல பின்னாடி தூக்கி வீசுதுன்னு சொல்றாக. மொதல்ல பாரைத் தொடவா, ஷாக்கைத் தொடவா?”

எதை வேண்டுமானாலும் தொடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. டீ ஆறிப்போகும்வரை அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை தருகிற பகுதி கொஞ்சம் உண்டு. தராத பகுதி அதைவிடக் கூடுதல்.

எனக்குச் சொந்த ஊர் கூடலூர். குமுளி மலை ஏறுகிற ஜீப்புகளுக்கு, பாரம் தாங்குகிற கமான் பட்டை மாற்றியே இருபத்திரண்டு வருடம் போனது. பத்துப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் இருபது பேரும் நாலு மூட்டையும் ஏறினால் எந்தப் பட்டை எங்கே ஒடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தொண்ணூற்றாறில், நாற்பத்தாறு வயதில், தேனிக்கு வந்து ஆரோக்கியசாமியிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஆரோக்கியசாமி ராயப்பன்பட்டிக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு வேலை பார்த்துவிட்டு வந்து தேனியில் தனிப் பட்டறை போட்டிருந்தார். நான் அவரை முதலாளி என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். பகலெல்லாம் சாதாரண கார் வேலைதான். ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று போட்டிக் கார்கள் வரும். போட்டி என்றதும் டிவியில் பார்க்கிற பந்தயத்தை நினைக்க வேண்டாம். வாரம் முழுக்க மண்டியிலும் மில்லிலும் ஆஸ்பத்திரியிலும் உட்கார்ந்திருப்பவர்கள், லீவு நாளில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, அடைத்த சாலையில் ஒவ்வொருவராக ஓட்டி, யார் குறைந்த நேரத்தில் வந்தார் என்று பார்ப்பார்கள். ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். அந்த ஆசைக்குத் தகுந்தபடி காரைச் சரிசெய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை.

காரின் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற முறுக்குக் கம்பிக்கு ஸ்வே பார் என்று பெயர். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயாமல் அது இழுத்துப் பிடிக்கும். கம்பியின் முனையில் மூன்று துளை இருக்கும். முதல் துளையிலிருந்து கடைசித் துளைக்குப் போகப் போகப் பிடிப்பு கூடும். ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஒவ்வொரு திருகலுக்கும் ‘கிளிக்’ என்று விரலில் தட்டுப்படும். இறுக்கினால் சக்கரம் துள்ளாது, ஆனால் பள்ளம் மேட்டில் தரையை விட்டுவிடும். பாரும் ஷாக்கும் முன்னாலும் பின்னாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். முன்னால் கூடினால் கார் திரும்பாமல் நேரே தள்ளும். பின்னால் கூடினால் வால் சுழன்று வீசும்.

இதைக் கேட்பதற்கு எளிது. ஆரோக்கியசாமி இதைச் செய்கிற விதம்தான் எளிதில் வராது. ஷாக்கைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கிரீஸ் கையில் கிளிக் தெரியாது என்பார். எப்போதும் முழுக்க இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார். ஓட்டிவிட்டு வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்கவே மாட்டார். “பேச வேணாம். கைய வச்சுக் காட்டுங்க” என்பார். ஓட்டியவர் காற்றில் ஸ்டியரிங் பிடித்து அந்த வளைவை மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். பெரிய மில் முதலாளிகள்கூட வெறுங்கையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார்கள். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு துளை அல்லது இரண்டு கிளிக் சொல்வார். ஒன்றை மாற்றினால் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு காருக்கும் ஓர் அட்டைத் தாள் உண்டு. என்ன மாற்றினோம், யார் மாற்றியது என்று கட்டம் போட்டிருப்பார். எழுதாமல் எதையும் தொடக் கூடாது.

நான் அப்படித் தொட்டது இரண்டாயிரத்து ஒன்றில்.

போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர் கிருபாகரன். தொண்ணூற்று நாலு கிலோ ஆள், சிரித்தால் மண்டியே குலுங்கும். அவர் மனைவி எஸ்தர் அவரில் பாதிதான் இருப்பார். கிருபாகரன் ஓட்டுவார், எஸ்தரம்மா இடது சீட்டில் உட்கார்ந்து, வரப்போகிற வளைவுகளை நோட்டில் பார்த்துப் படிப்பார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆன தம்பதி, மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு இதற்கு வருவதால் சபையில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் வெள்ளை நிறத்தில் நாலு கதவு கார் ஒன்று இருந்தது, முன்சக்கரம் இழுக்கிற வகை.

அன்றைய போட்டி குமுளி எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு தோட்டத்துக்குள் போகும் தனியார் தார்ச்சாலையில். ஆரோக்கியசாமி வரவில்லை. ராயப்பன்பட்டியில் அவர் மகளுக்கு முதல் நற்கருணை. நான் மட்டும் போயிருந்தேன். முதல் ஓட்டம் முடித்து வந்த கிருபாகரன், “குருசாமி, முன்னாடி தள்ளுதுப்பா. திரும்பவே மாட்டேங்குது” என்றார். அடுத்த ஓட்டத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. கையை வைத்துக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பின்பக்கப் பாரைக் கடைசித் துளைக்கு மாற்றினேன். அது போதாதோ என்று ஒரு சந்தேகம். பின் ஷாக்கையும் நாலு கிளிக் இறுக்கினேன். தாள் பையில் இருந்தது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இறக்கத்தில் ஒரு வளைவில் வேகம் கூடிவிட்டதாக நினைத்துக் கிருபாகரன் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார். முன்னால் எடை விழுந்ததும் பின்பக்கம் கழன்றதுபோல் வீசியது. தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கி, ஒரு முறை புரண்டு, நேராக நின்றது. உள்ளே இரும்புக் கூண்டு போட்டிருந்ததால் உயிருக்கு ஒன்றும் இல்லை. கிருபாகரனுக்குக் கீறல்கூட இல்லை. எஸ்தரம்மாவுக்கு இடது தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

நான் ஓடிப் போனபோது கிருபாகரன் மண்ணில் முழங்காலிட்டு மனைவியின் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். “நான்தான் காலை எடுத்துட்டேன், பயந்து எடுத்துட்டேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

நசுங்கிய கார் தேனிக்கு வந்தது. மறுநாள் காலையில் ஆரோக்கியசாமி கையைக் கழுவிவிட்டு, பின் ஷாக்கின் திருகைத் திருப்பி எண்ணினார். பிறகு குனிந்து பாரின் துளையைப் பார்த்தார்.  தாளை எடுத்து இரண்டு மாற்றத்தையும் தன் கையாலேயே எழுதினார். ‘யார் மாற்றியது’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, தாளையும் பேனாவையும் என் மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்த வெறுங்கட்டம் பகலெல்லாம் என் மேஜையில் கிடந்தது. சாயங்காலம் என் பெயரை எழுதி அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார்.

“எங்கிட்ட எழுதிக் குடுத்துட்டீக. சரிண்ணே. போடிக்குப் போயி யாரு சொல்றது?”

“போறேன் முதலாளி.”

போகிறேன் என்று சொன்னவன் போகவில்லை. இன்று எஸ்தரம்மாவுக்கு ஆபரேஷனாம், இன்று வேண்டாம். இன்று சொந்தக்காரர்கள் இருப்பார்கள், நாளைக்குப் போகலாம் என்று தினமும் ஒரு காரணம் கிடைத்தது. பதினோராம் நாள்தான் போடிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

எஸ்தரம்மா தோளில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிருபாகரன் பக்கத்தில் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். இடது தோள்தான் உடைந்தது, வலது கையால் அவரே சாப்பிட முடியும். ஆனாலும் இவர்தான் பிசைந்து கொடுக்கிறார். கிருபாகரன் நன்றாக இளைத்திருந்தார். நான் உட்காராமலே சொன்னேன். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றியதைச் சொன்னேன். அப்படி இறுக்கின கார், எவ்வளவு தேறின ஆள் காலை எடுத்திருந்தாலும் வீசத்தான் செய்யும் என்றேன். “உங்க கால் மேல தப்பில்ல. என் கை மேல தப்பு” என்றேன்.

கிருபாகரன் தட்டைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, கை கழுவாமலே உள்ளறைக்குப் போய்விட்டார். அவ்வளவு பெரிய மனிதர் உள்ளே விம்முவது வெளியே கேட்டது.

எஸ்தரம்மா என்னை நேராகப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. “அண்ணே, எலும்பு ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான், அது கூடிரும். ஆனா இதை மொத நாளே வந்து சொல்லியிருந்தீகன்னா, இவுக பதினோரு நாளு தூங்கியிருப்பாக.”

பிறகு காபி போட்டுத் தரச் சொல்லி வேலைக்கார அம்மாவிடம் சொன்னார். அந்தக் காபியைக் குடித்து முடிக்கப் பட்ட பாட்டை நான் வேறு எதற்கும் பட்டதில்லை.

உடைந்த காரை நாங்கள் எங்கள் பொறுப்பில் மெதுவாகச் சரிசெய்தோம். கிருபாகரன் இனி அந்தக் காரில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் எஸ்தரம்மா தனியாகப் பட்டறைக்கு வந்தார். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஆனாலும் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“அந்தக் காரை நான் ஓட்டணும். போட்டியில” என்றார்.

ஆரோக்கியசாமி என்னைப் பார்த்தார். நான் எஸ்தரம்மாவின் கையைப் பார்த்தேன். நம் ஊர்க் காரில் கியர் போடுவது இடது கை.

“சார் என்ன சொல்றாகம்மா?” என்று கேட்டார் ஆரோக்கியசாமி.

“வேணாங்கிறாக. நான் திரும்பி அதுல உக்காரலைன்னா இவுகளுக்கு அந்த வளைவு மனசவிட்டுப் போகாது. நூறு தடவ ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிப் பாத்துட்டேன். ஓட்டிக் காட்டுனாத்தான் நம்புவாக.”

கியர் தண்டை வளைத்து, கை நீட்டாமல் எட்டும்படி உயர்த்திக் கொடுத்தேன். சீட்டை முன்னுக்குத் தள்ளினேன். அவர் கைக்கு வேகமாக வெட்டித் திருப்புகிற கார் ஆகாது என்பதால் பின்பக்கப் பாரை முதல் துளைக்குக் கொண்டுவந்தோம். கூடலூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தோப்புக்குள் போகிற தார்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். எஸ்தரம்மா ஓட்ட, ஆரோக்கியசாமி பக்கத்தில் உட்கார்ந்து போவார். இடது வளைவில் கார் பூப்போல் திரும்பியது. வலது வளைவில் மட்டும் நடுங்கியது.

“கைய வச்சுக் காட்டுங்கம்மா” என்றார் ஆரோக்கியசாமி.

எஸ்தரம்மா காற்றில் காட்டினார். வலது பக்கம் திருப்பிய கை பாதியில் நின்று, சற்றுத் திரும்பி வந்து, மறுபடி போனது. பின்பக்கம் வழுக்கப் பார்ப்பதை அவர் கை சமாளிக்கிறது. ஒவ்வொரு கிளிக்காக ஷாக்கை மாற்றிப் பார்த்தோம். இரண்டு நாள் போனது. கொஞ்சமும் மாறவில்லை.

இரண்டாம் நாள் மதியம் எஸ்தரம்மா காரை விட்டு இறங்கி, தென்னை மரத்தில் சாய்ந்து நின்றார். “கார்ல ஒண்ணுமில்லண்ணே. என் கைதான். வலது பக்கம் திருப்புறப்போ எடது கைதான் மேல வருது, அது வர மாட்டேங்குது. நான் வீணா ஆசப்பட்டுட்டேன்.”  அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

எனக்கு மனது கேட்கவில்லை. அவரை மறுபடி சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்ப் படுத்தேன். பாரின் முனையையும் சக்கரத்தையும் இணைக்கிற சின்னத் தண்டு ஒன்று உண்டு, நாங்கள் லிங்க் என்போம். அதன் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, கார் சும்மா நிற்கையில், அந்த லிங்கின் போல்ட் விரலால் தள்ளினால் உள்ளே போக வேண்டும். சுத்தியலால் தட்டினால்தான் போகும் என்றால், கார் நிற்கும்போதே கம்பி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த முறுக்கு ஒரு பக்க வளைவுக்கு உதவும், மறு பக்க வளைவைக் கெடுக்கும்.

போல்ட்டைக் கழற்றினேன். திருப்பி மாட்டப் பார்த்தேன். போகவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காரைத் திரும்பக் கட்டியபோது, லிங்கின் நீளத்தைப் பழைய தாளைப் பார்த்து வைத்திருந்தேன். ஓட்டுபவர் எடை தொண்ணூற்று நாலு கிலோ என்று அதில் இருந்தது. அந்த எடைக்கு மூட்டை வைத்து அளந்திருந்தேன். எஸ்தரம்மா ஐம்பது கிலோ இருந்தால் பெரிது.

இந்தத் தடவை எழுந்து சட்டையைக்கூடத் தட்டவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றேன். “எஸ்தரம்மா, உங்க கையில ஒரு குறையும் இல்ல. தப்பு எங்கிட்ட. சார் எடைக்கு வச்ச காரை உங்களுக்குக் குடுத்துட்டேன்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இப்பத்தான் கண்டுபிடிச்சீகளா?”

“இந்த நிமிஷம்.”

“அப்ப சரி” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தும் விட்டார்.

மறுநாள் பட்டறையில் நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தராசு வைத்து எடை போட ஏற்பாடு செய்தோம். எங்களிடம் அத்தனை தராசு கிடையாது. மூட்டை நிறுக்கிற தராசு கிருபாகரன் மண்டியில்தான் இருந்தது. எஸ்தரம்மா கேட்டதும் அவரே டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தராசு பத்திரமாக வர வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டார். கார் பக்கம் பார்க்காமல் வாசலிலேயே நின்றார்.

காரைத் தராசுகளின் மேல் ஏற்றி, எஸ்தரம்மாவை ஓட்டுபவர் சீட்டில் உட்கார வைத்தோம். நான் கீழே படுத்துக்கொண்டு கேட்டேன், “இடது சீட்டுக்கு எவ்வளவு எடை வைக்க? போட்டியில பக்கத்துல யாரு உக்காரப் போறாக?”

எஸ்தரம்மா மேலிருந்து சொன்னார். “தெரியலண்ணே. யாராச்சும் கெடைப்பாக. ஒரு மூட்டைய வைங்க.”

ஆரோக்கியசாமி மூட்டை எடுக்கப் போனார். வாசலில் இருந்து கிருபாகரனின் குரல் கேட்டது. “என் தராசுல மூட்டைய வச்சு ஆளுன்னு நெனச்சுக்கிறதா? நானே உக்காந்துட்டுப் போறேன். உக்கார மட்டும்தான்.”

காருக்கு அடியில் இருந்து எனக்கு அவர் செருப்புகள் மட்டும் தெரிந்தன. மெதுவாக நடந்து வந்து, இடது கதவுக்கு அருகில் நின்றன. வெகுநேரம் நின்றன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறி மறைந்தன. கார் இடது பக்கம் நன்றாக அமுங்கியது.

“பெல்ட்டப் போடுங்க” என்றார் எஸ்தரம்மா.

“நின்ன காருக்கு எதுக்கு பெல்ட்டு?”

“பெல்ட்டு எடையும் சேரணும்ல.”

பெல்ட் கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. கீழே லிங்கைச் சுற்றிச் சுற்றி, சரியான நீளத்துக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் மேலே அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் மண்டியில் வந்த சரக்கு, பிறகு ஜெயமங்கலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், அதற்கு மீன் குழம்பு வைப்பார்களா கறி வைப்பார்களா என்று. ஒரு கட்டத்தில் கிருபாகரன் தன் பழைய சிரிப்பைச் சிரித்தார். நாலு தராசிலும் எண்கள் ஆடின. “சிரிக்காதீக சார், அளவு நிக்க மாட்டேங்குது” என்று ஆரோக்கியசாமி கத்தினார். கடைசியில் போல்ட்டை ஆள்காட்டி விரலால் தள்ளினேன். தடையில்லாமல் உள்ளே போனது. நான் உடனே வெளியே வரவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

கூடலூர்த் தோப்பில் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது இரண்டு பக்க வளைவும் ஒன்றுபோல் இருந்தது. எஸ்தரம்மா கையை வைத்துக் காட்டியபோது, வலது பக்கம் போன கை எங்கேயும் நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு போட்டி. ஓட்டுபவர் எஸ்தர், உடன் செல்பவர் கிருபாகரன் என்று பெயர் கொடுத்தார்கள். கிருபாகரன் முந்தின வாரம் முழுக்க அந்தச் சாலையை நடந்தே பார்த்து, ஒவ்வொரு வளைவையும் நோட்டில் எழுதியிருந்தார். கார் கிளம்பும்போது அவர் இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்திருந்தார்.  கொடி இறங்கியது. கார் போய்விட்டது. சாலை சுற்றிவந்து பக்கத்திலேயே முடிவதால், நானும் ஆரோக்கியசாமியும் முடிவுக் கோட்டில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். எஞ்சின் சத்தம் ஏறி, இறங்கி, ஏறி வந்தது. ஓரிடத்தில் கொஞ்சம் நிதானித்தது.  பிறகு சத்தம் மறுபடி ஏறியது. கடைசி வலது வளைவில் வெள்ளைக் கார் அளவாகச் சாய்ந்து, அளவாக நிமிர்ந்து, கோட்டைத் தாண்டி வந்து நின்றது.

பத்தொன்பது கார்களில் பதினாறாவது இடம்.

எஸ்தரம்மா ஹெல்மெட்டைக் கழற்றியதும் என்னிடம் முறையிட்டார். “அண்ணே, இவுகளக் கேளுங்க. நாலு வளைவு வரைக்கும் ஒழுங்காப் படிச்சாக. அப்புறம் வாயவே தொறக்கல. பாதிச் சாலைய நானா பாத்துப் பாத்து ஓட்டுனேன்.”

கிருபாகரன் இன்னும் பெல்ட்டைக் கழற்றவில்லை. நோட்டு அவர் மடியில் மூடிக் கிடந்தது.

“படிச்சுக்கிட்டுத்தான் வந்தேன் குருசாமி,” என்றார். “இவ ஓட்டுறதத் திரும்பிப் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”